ஒரே வளவில் இரண்டு வீடு



உங்கள் வீட்டில் கணினி ஒன்றுதான் இருக்கும். அதற்கு உரிமை கொண்டாடுகிறவர்களோ நான்கைந்து பேர். வாப்பாவுக்குக் கடைக் கணக்குப் பார்க்க அது வேண்டும். உம்மாவுக்குக் கட்டாரில் இருக்கும் மகனின் முகத்தைப் பார்த்துப் பேச வேண்டும். உயர்தரத்துக்குப் படிக்கும் மகளுக்கு அதிலேதான் பாடம். இதற்கிடையில் பம்பைமடுவுக்குப் படிக்கப் போகும் மூத்தவன் வந்து, “லினக்ஸ் இல்லாமல் சரிவராது, விண்டோஸைத் தூக்கிவிட்டு அதைப் போடப் போகிறேன்” என்று சொன்னால் வீட்டில் என்ன நடக்கும் என்பதை நான் எழுதித்தான் நீங்கள் அறிய வேண்டும் என்பதில்லை.

அவன் கேட்பதில் நியாயம் இல்லாமலில்லை. 2021 ஓகஸ்ட் முதலாம் திகதி வவுனியா வளாகம் தனிப் பல்கலைக்கழகமானது. அங்கே கணினி படிக்கும் பிள்ளைக்கு மட்டுமல்ல, எங்கே அதைப் படிக்கும் பிள்ளைக்கும் லினக்ஸ் பழக்கம் வேண்டும். உலகத்தின் பெரிய இணைய வழங்கிகளில் பெரும்பாலானவை அதில்தான் ஓடுகின்றன. பாடப் புத்தகத்தில் ‘பணிசெயல் முறைமை’ என்று படிப்பது வேறு, அதைத் தன் கையால் நிறுவிப் பழகுவது வேறு.

வாப்பா மறுப்பதிலும் நியாயம் இருக்கிறது. கணக்கு மென்பொருள் விண்டோஸில்தான் ஓடும். கொமியூனிகேஷன் கடையோ அச்சகமோ வைத்திருப்பவர் என்றால் சொல்லவே வேண்டாம். பேஜ்மேக்கரில் பாமினி எழுத்துருவில் அடித்த அழைப்பிதழ்களும் நோட்டீஸ்களும் வருடக்கணக்கில் அதற்குள் கிடக்கும். பேஜ்மேக்கரின் கடைசிப் பெரிய பதிப்பு 2001 இல் வந்தது. ஆனாலும் நம்மூர் அச்சுத்தொழில் அதை இன்னும் முழுதாகக் கைவிடவில்லை.

எல்லாவற்றுக்கும் மேலாக இன்னொன்று உண்டு. காணி உறுதி, பிறப்பு அத்தாட்சிப் பத்திரம், விவாகப் பதிவு என்பவற்றுக்கு நம் பகுதியில் இருக்கும் பெறுமதி வேறு ஊராருக்கு எளிதில் விளங்காது. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோதும், அதன் பின் 2009 வரை வன்னி மக்கள் ஊர் ஊராக இடம்பெயர்ந்தபோதும் காகிதங்களைத் தொலைத்தவர்கள் ஏராளம். அலைந்து திரிந்து மறுபடி எடுத்த பிரதிகளை ஸ்கேன் செய்து கணினியில் போட்டு வைத்திருக்கும் குடும்பங்கள் பல. அப்படியான ஒரு வன்தட்டை, “அழித்துவிட்டுப் போடுவோம்” என்று இருபது வயதுப் பிள்ளை தொட்டால் யாருக்குத்தான் நெஞ்சு பதறாது?

நல்லவேளையாக, இதில் ஒன்றை விட்டு ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டிய அவசியமே இல்லை. ஒரே வளவுக்குள் நடுவே வேலி போட்டு இரண்டு வீடு கட்டுவதில்லையா? அதுபோல ஒரே வன்தட்டைப் பிரித்து ஒரு பக்கம் விண்டோஸும் மறுபக்கம் லினக்ஸும் வைக்கலாம். கணினியைத் திறந்ததும், “எந்த வீட்டுக்குப் போகவேண்டும்?” என்று படலையடியில் கேட்க ஒருவர் வேண்டும். அந்த ஆளைத்தான் பூட் மேனேஜர் என்கிறார்கள். அவர் படம் காட்டிக் கேட்பவராக இருந்தால் வீட்டில் எல்லோருக்கும் வசதி. இம்மாதம் அவரைப் பற்றித்தான் பேசப் போகிறோம்.

முதலில், கணினி எப்படி எழும்புகிறது என்று பார்ப்போம். பழைய கணினிகளில் ‘பயோஸ்’ என்ற சிறு மென்பொருள் தாய்ப்பலகையில் இருக்கும். மின்சாரம் வந்ததும் அது வன்தட்டின் முதலாவது துண்டை மட்டும் வாசிக்கும். அந்தத் துண்டின் அளவு 512 பைட். அதிலும் 64 பைட் வேலிக் கணக்குக்குப் போய்விடும். எந்தப் பிரிவு எங்கே தொடங்குகிறது என்று நான்கு பிரிவுகளுக்கு மட்டும் அதில் எழுதலாம். கடைசி 2 பைட் முத்திரை. மிச்சம் 446 பைட்டில்தான் கணினியை எழுப்பும் கட்டளை இருக்கவேண்டும். இன்றைய யுனிகோட் முறையில் தமிழில் எழுதினால் 150 எழுத்துக்குறிகூட அந்த இடத்தில் அடங்காது. இவ்வளவு சிறிய இடத்துக்குள் படம் காட்டும் மென்பொருளை எங்கே வைப்பது?

அதற்கு ஸ்பெயின் நாட்டவரான சேர்கியோ கோஸ்தாஸ் ஒரு வழி கண்டார். அவர் எழுதிய மென்பொருளின் பெயர் காக். ஸ்பானிய மொழியில் ‘வரைபட எழுப்பு முகாமையாளர்’ என்று பொருள்படும் மூன்று சொற்களின் முதலெழுத்துகள்தாம் அவை. பழைய வன்தட்டுகளில் முதல் தடத்தில் 63 துண்டுகள் இருக்கும். முதல் துண்டு போக மற்ற 62 துண்டுகளும், அதாவது சுமார் 31 கிலோபைட், வழக்கமாக வெறுமையாகக் கிடக்கும். காக் அந்த வெற்றிடத்தில் போய்க் குடியேறிக்கொள்கிறது. தனக்கென்று ஒரு பிரிவு கேட்பதில்லை. ஒன்பது இயங்குதளங்கள் வரை படத்தோடு வரிசைப்படுத்திக் காட்டும். ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே கடவுச்சொல் வைக்கலாம் என்பது பிள்ளைகள் உள்ள வீட்டுக்கு நல்ல ஏற்பாடு. காசும் இல்லை.

தனிப் பிரிவு வேண்டாம் என்பதில் ஒரு பெரிய நன்மை இருக்கிறது. லினக்ஸோடு வரும் வழக்கமான எழுப்பியின் பெயர் கிரப். பழைய கணினிகளில் அதன் தலை முதல் துண்டிலும் உடல் லினக்ஸ் பிரிவுக்குள்ளும் இருக்கும். சில மாதம் கழித்து, “லினக்ஸ் போதும், இடத்தை எடுப்போம்” என்று ஒருவர் விண்டோஸுக்குள் இருந்தபடியே லினக்ஸ் பிரிவை அழித்துவிடுவார். அடுத்த நாள் கணினியைத் திறந்தால் கறுப்புத் திரையில் ‘கிரப் ரெஸ்கியூ’ என்று ஒரு வரி நிற்கும், விண்டோஸும் வராது. தலையிருக்கிறது, உடல் இல்லை. விண்டோஸ் நிறுவு தட்டால் முதல் துண்டைத் திருத்தி எழுதினால் சரியாகிவிடும் என்றாலும், அது தெரியாமல் வன்தட்டையே வெறுமையாக்கிக் கொண்டவர்கள் இருக்கிறார்கள். காக் இருந்தால் இந்தச் சங்கடம் இல்லை. ஆனால் அதற்கு ஒரு நிபந்தனை உண்டு: லினக்ஸை நிறுவும்போது அதன் எழுப்பியை வன்தட்டின் முதல் துண்டில் வைக்காமல், லினக்ஸின் சொந்தப் பிரிவின் தலைப்பில் வைக்கச் சொல்லவேண்டும்.

காக்கின் காலம் பெரும்பாலும் முடிந்துவிட்டது என்பதையும் சொல்லிவிடுகிறேன். 2012 இல் விண்டோஸ் 8 வந்ததிலிருந்து புதுக் கணினிகளில் பயோஸுக்குப் பதிலாக யூஇஎஃப்ஐ என்ற ஏற்பாடு வழக்கமாகிவிட்டது. அதில் 446 பைட் நெருக்கடி கிடையாது. வன்தட்டில் தனியே ஒரு சிறு பிரிவு ஒதுக்கப்பட்டு, ஒவ்வொரு இயங்குதளமும் தன் எழுப்பியை ஒரு கோப்பாக அதற்குள் வைத்துவிடும். காக் இந்த ஏற்பாட்டில் வேலை செய்யாது. உங்கள் கணினி கோர் டூ டுவோ காலத்துப் பழையது என்றால் காக். யூஇஎஃப்ஐ உள்ளது என்றால் ரீஃபைண்ட்.

ரீஃபைண்டை எழுதியவர் அமெரிக்கரான ரொட்ரிக் ஸ்மித். அப்பிள் கணினிகளுக்காக முன்பு வந்த ரீஃபிட் என்ற மென்பொருள் கைவிடப்பட்ட நிலையில், 2012 இல் அதைக் கையிலெடுத்து வேறு பெயரில் வளர்த்தார். இதன் குணம் எனக்குப் பிடித்தது: நீங்கள் பட்டியல் எழுதிக் கொடுக்க வேண்டியதில்லை. ஒவ்வொரு தடவை கணினியைத் திறக்கும்போதும் எல்லாத் தட்டுகளையும் தானே துழாவி, எழும்பக்கூடியது எதுவோ அதற்கொரு படம் போட்டு நிரையாகக் காட்டும். பென் டிரைவ் ஒன்றைச் செருகினால் அதுவும் நிரையில் வந்து நிற்கும். அம்புக்குறி விசையால் நகர்த்தி, என்டர் தட்டினால் முடிந்தது. ஒன்றும் தொடாமல் விட்டால் நீங்கள் முன்னரே குறித்துவைத்த இயங்குதளம் 20 விநாடியில் தானாகத் திறக்கும். அந்த நேரத்தையும் கூட்டிக் குறைக்கலாம்.

படம் எதற்கு, எழுத்துப் பட்டியல் போதாதா என்று மூத்தவன் கேட்பான். கிரப் காட்டும் கறுப்புத் திரையும் ஆங்கில வரிகளும் அவனுக்குப் போதும். உம்மாவுக்குப் போதாது. அந்தத் திரையைக் கண்டதும் கணினி பழுதாகிவிட்டது என்று பயந்து மூடிவைத்துவிடுவார். நாலு கட்டமுள்ள சன்னல் படத்தையும் பென்குவின் படத்தையும் காட்டினால் இங்கிலீஷ் தெரியாமலே வேலை நடக்கும். விண்டோஸைத் தானாகத் திறக்கும்படி குறித்துவைத்தால் வாப்பா எதையும் தொடவே வேண்டாம். லினக்ஸ் வேண்டியவன்தான் விசையைத் தட்டவேண்டும். வீட்டுக் கணினியில் புதிதாக வருகிறவன்தான் ஒரு அடி கூட நடக்கவேண்டும் என்பது என் கட்சி.

இனி வேலைக்கு வருவோம். முதலாவது, பிரதி எடுப்பது. காணி உறுதி, கல்யாணப் படங்கள், கடைக் கணக்கு எல்லாவற்றையும் வெளித்தட்டு ஒன்றுக்குக் கொப்பி செய்து, அந்தத் தட்டைக் கழற்றி அலுமாரிக்குள் வைத்துப் பூட்டிய பிறகுதான் அடுத்த வரியைப் படிக்க வேண்டும். கொப்பி செய்தால் போதாது, வேறொரு கணினியில் போட்டுத் திறந்து பாருங்கள்.

இரண்டாவது, பிட்லொக்கர். புதிய மடிக்கணினிகள் பலவற்றில் விண்டோஸ் தட்டு முழுவதும் பூட்டுப் போடப்பட்டு இருக்கும். அது உரிமையாளருக்கே தெரியாது. எழுப்பும் ஏற்பாட்டை மாற்றினால் அது சந்தேகப்பட்டு 48 இலக்க மீட்பு எண்ணைக் கேட்கும். மைக்ரோசொஃப்ட் கணக்கில் நுழைந்து அந்த எண்ணை முதலே கண்டுபிடித்துக் காகிதத்தில் எழுதிவைக்காமல் கைவைத்தால் வெளியூர் போனவனுக்குச் சொந்த வீட்டுத் திறப்பு இல்லாத கதைதான்.

மூன்றாவது, விரைவு ஆரம்பம் என்ற வசதியை நிறுத்துவது. விண்டோஸ் 8 முதல் நாம் கணினியை மூடினாலும் அது முழுதாக மூடுவதில்லை. பாதி தூக்கத்தில் கிடக்கிறது. அந்த நிலையில் லினக்ஸுக்குள் நுழைந்து விண்டோஸ் பிரிவில் ஒரு கோப்பை எழுதப் பார்த்தால், ஒன்றில் எழுதவிடாது, அல்லது எழுதி இரண்டும் குழம்பிவிடும். கன்ட்ரோல் பேனலில் பவர் ஒப்ஷன்ஸ் பகுதியில் பவர் பொத்தான்களுக்கான அமைப்பில் இதை நிறுத்தலாம்.

பிறகுதான் வேலியை நகர்த்துவது. விண்டோஸ் பிரிவைச் சுருக்க விண்டோஸின் சொந்தக் கருவியான டிஸ்க் மேனேஜ்மென்டையே பயன்படுத்துங்கள். மாணவர் ஒருவரின் லினக்ஸுக்கு 50 ஜிகாபைட் தாராளம். இந்த வேலையின் நடுவில் மின்சாரம் போகக்கூடாது. 2022 மார்ச் முடிவில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் இருட்டில் இருந்த நாடு இது. இப்போது அந்த நிலை இல்லாவிட்டாலும் நம் பக்கம் காற்று மழைக்கு மின்சாரம் போவது புதினமல்ல. மடிக்கணினி என்றால் பட்டரியை முழுதாக ஏற்றிவிட்டுத் தொடங்குங்கள். மேசைக் கணினி என்றால் யூபிஎஸ் இல்லாமல் தொடாதீர்கள். இல்லாதவர்கள் ஒரு நாளைக்கு இரவல் வாங்குங்கள்.

வெறுமையான இடத்தில் உபுண்டுவையோ லினக்ஸ் மின்டையோ நிறுவுவது இன்று பெரிய வித்தையல்ல. எப்போதும் விண்டோஸ் முதல், லினக்ஸ் பிறகு. மாற்றிச் செய்தால் பின்னால் வருகிற விண்டோஸ், படலையில் தானே நின்றுகொள்ளும். நிறுவும்போது ‘முழுத் தட்டையும் அழி’ என்று ஒரு தெரிவு வரும். அதைத் தெரிந்தெடுக்காமல், விண்டோஸோடு கூட நிறுவும் தெரிவை எடுக்கவேண்டும். நான் கேள்விப்பட்ட இழப்புகளில் அரைவாசிக்கு மேல் அந்த ஒரு திரையில் நடந்தவை. பிள்ளையை அந்த இடத்தில் தனியே விடாமல் ஒருவர் பக்கத்தில் இருந்து வாசித்துப் பார்ப்பது நல்லது.

ரீஃபைண்டை உடனே வன்தட்டில் வைக்கவேண்டியதில்லை. பென் டிரைவில் போட்டு அதிலிருந்தே எழுப்பிப் பார்க்கலாம். பிடிக்காவிட்டால் கழற்றிவிட்டால் போயிற்று, கணினியில் ஒரு கீறலும் விழாது. பிடித்திருந்தால் உபுண்டு, மின்ட் இரண்டிலும் அவற்றின் மென்பொருள் களஞ்சியத்திலிருந்தே நிறுவலாம். ஒரு சிக்கல்: செக்கியுர் பூட் என்ற பாதுகாப்புப் பூட்டு இயக்கத்தில் இருந்தால் ரீஃபைண்டுக்குக் கூடுதலாகச் சில படிகள் செய்யவேண்டும். கிரப் அந்தப் பூட்டோடு இணங்கிப் போகும். ஆகவே புதிய மடிக்கணினி வைத்திருப்பவர்கள், படம் இல்லாவிட்டாலும் பரவாயில்லை என்று கிரப்போடு நிற்பதை நான் குறை சொல்லமாட்டேன்.

எல்லாம் முடிந்து இரண்டு வீட்டிலும் குடியிருக்கத் தொடங்கிய பிறகு ஒரு விசித்திரம் தெரியும். லினக்ஸில் இருந்துவிட்டு விண்டோஸுக்குப் போனால் கடிகாரம் ஐந்தரை மணித்தியாலம் பின்னால் நிற்கும். தாய்ப்பலகையில் இருக்கும் கடிகாரத்தை விண்டோஸ் இலங்கை நேரமாகவே வாசிக்கும்; லினக்ஸோ அதை உலகப் பொது நேரமாக எடுத்துக்கொண்டு அப்படியே திருத்தியும் வைக்கும். இரண்டுக்கும் இடையில் 5.30. கணினியில் அதான் ஒலிக்கும் மென்பொருள் வைத்திருப்பவர்கள் கவனிக்கவேண்டும்: பகல் 12.15க்கு ஒலிக்கவேண்டிய லுஹர் அதான் மாலை 5.45க்கு ஒலிக்கும். நோன்பு காலத்தில் சஹருக்கு 4 மணிக்கு எழுப்பச் சொல்லி வைத்தால் காலை ஒன்பதரைக்கு எழுப்பும். இணையம் இருந்தால் விண்டோஸ் சற்று நேரத்தில் தன்னைத் திருத்திக்கொள்ளும், ஆனால் அடுத்த முறை லினக்ஸ் போய் வந்தால் மறுபடியும் அதே கதை. லினக்ஸில் டைம்டேட்சிடிஎல் என்ற கட்டளையைக் கொண்டு, தாய்ப்பலகைக் கடிகாரத்தை உள்ளூர் நேரமாகக் கொள்ளும்படி ஒருமுறை சொல்லிவிட்டால் தீர்ந்தது.

ஒரே இடத்தில் இரண்டு கடிகாரம் என்பது வவுனியாக்காரருக்குப் புதிதல்ல. 1996 மே மாதத்தில் அரசாங்கம் நாட்டின் நேரத்தை ஒரு மணித்தியாலம் முன்தள்ளியது. அந்த ஒக்டோபரில் அதில் அரை மணித்தியாலத்தைக் குறைத்தது. புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த பகுதிகள் இந்த மாற்றத்தை ஏற்காமல் பழைய நேரத்திலேயே இருந்தன. 2006 ஏப்ரலில் நாடு முழுவதும் பழைய நேரத்துக்குத் திரும்பும் வரை வவுனியாவில் ஒரு நேரம், ஓமந்தைக்கு அப்பால் அதற்கு அரை மணித்தியாலம் பிந்திய நேரம். 2002 இல் ஏ9 வீதி திறந்த பிறகு பயணம் செய்தவர்களைக் கேட்டுப் பாருங்கள், “எந்த நேரம்?” என்று கேட்டுத்தான் சந்திப்பு வைத்தோம் என்பார்கள்.

இந்த இரட்டைக் குடியிருப்பு வீட்டளவில் மட்டும் நடந்த ஒன்றல்ல. தமிழ்நாட்டு அரசு 2011 செப்டெம்பரில் மாணவர்களுக்கு இலவச மடிக்கணினி கொடுக்கத் தொடங்கியபோது, அவற்றில் விண்டோஸோடு பொஸ் லினக்ஸும் சேர்ந்து இருந்தது. பொஸ் என்பது இந்திய அரசின் சீடாக் நிறுவனம் டெபியன் லினக்ஸை அடிப்படையாக வைத்து உருவாக்கியது. நம் நாட்டிலும் ஃபெடோராவை வைத்து உருவாக்கிய ஹந்தான லினக்ஸ் வந்தது. கண்டிப் பக்கத்து மலையின் பெயர் அதற்கு. பெயரெடுத்த அளவுக்கு இவை வீடுகளுக்குள் போகவில்லை என்பது என் எண்ணம். திறந்ததும் முதலில் எது வருகிறதோ அதிலேயே இருந்துவிடுவது மனித சுபாவம். பழக்கிக் கொடுக்க ஆள் இல்லாவிட்டால் இரண்டாவது வீடு பூட்டியேதான் கிடக்கும்.

இப்போது ஏன் இதை எழுதுகிறேன் என்றால், 2025 ஒக்டோபர் 14 உடன் விண்டோஸ் 10 க்கான வழமையான பாதுகாப்புத் திருத்தங்கள் நின்றுபோயின. விண்டோஸ் 11 பழைய கணினிகளை ஏற்பதில்லை. 2022 இல் டொலர் 200 ரூபாவிலிருந்து 360 ரூபா வரை போன பிறகு புதுக் கணினி வாங்குவது எத்தனை குடும்பத்துக்கு முடிகிற காரியம்? பழைய கணினியில் இரண்டு வீடு வைத்து, வங்கி, மின்னஞ்சல், இணையம் எல்லாவற்றையும் லினக்ஸ் பக்கம் செய்து, பேஜ்மேக்கரும் கணக்கும் இருக்கும் விண்டோஸ் பக்கத்துக்கு இணையமே கொடுக்காமல் வைத்திருப்பது இன்றைக்குச் செலவில்லாத பாதுகாப்பு.

4 ஜிகாபைட் நினைவகம் உள்ள கணினியில் இது நன்றாகவே நடக்கும், ஏனென்றால் ஒரு நேரத்தில் ஒன்றுதான் ஓடுகிறது. மாறாக, 16 ஜிகாபைட்டும் நல்ல வேகமும் உள்ள கணினி என்றால் வேலியே போடவேண்டாம். வேர்ச்சுவல்பொக்ஸ் போன்ற ஒன்றை நிறுவி, விண்டோஸுக்குள்ளேயே ஒரு சாளரத்தில் லினக்ஸை ஓட்டலாம். வன்தட்டில் கைவைக்கப் பயப்படுகிற பெற்றோருக்கு அதுதான் நிம்மதி.

கடைசியாக ஒன்று. விண்டோஸ் பெரிய புதுப்பித்தல் ஒன்றைச் செய்த பிறகு, சில வேளைகளில் படங்கள் வராமல் நேரே விண்டோஸ் திறக்கும். லினக்ஸ் அழிந்துவிடவில்லை, வரிசையில் விண்டோஸ் முன்னால் வந்து நின்றுகொண்டது, அவ்வளவுதான். கணினியைத் திறக்கும்போது எஃப் 2 அல்லது டெலீட் விசையைத் தட்டி, எழுப்பும் வரிசையில் ரீஃபைண்டை மறுபடி மேலே ஏற்றினால் போதும். கடைக்குக் கொண்டுபோனால் போமட் பண்ணவேண்டும் என்று யாராவது சொல்லக்கூடும், சம்மதிக்காதீர்கள். உங்கள் கணினிக்கு எந்த விசை, மீட்பு எண் என்ன, பிரதி எடுத்த தட்டு எங்கே இருக்கிறது என்ற மூன்றையும் ஒரு தாளில் எழுதி, உறுதிகளை வைக்கும் அதே கோவைக்குள் வைத்துவிடுங்கள்.